சோம்பேறி நெல்

2603, மே 6, வியாழன்.

இன்று ஒரு சிறு தவறு நேர்ந்துவிட்டது. காஜா பெராங் சாலை முனையில் காவல் நின்ற ஜப்பான் சிப்பாய்க்குத் தலை வணங்க மறந்துவிட்டேன். அந்த நேரத்தில் ஜப்பானிய மொழியில் காலை வணக்கம் சொல்வது எப்படி என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். தலைக்கு மேல் கல்லைத் தூக்கிக்கொண்டு நிற்கச் சொன்னான். வயலுக்கு வெகு தாமதமாகத்தான் போக முடிந்தது. மகரந்தம் தூவும்போது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. பத்து மணிக்கு என்பது விதி. நேரம் தவறிய அந்த இரண்டு கதிர்களின் பைகளிலும் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். கழித்துவிட வேண்டியவை.

எழுதியதைக் கருணாகரன் இரண்டு முறை படித்தான். மலாக்கா பண்டார் ஹிலிரில் அவன் போய்க்கொண்டிருந்த மாலை வகுப்பில், தினமும் ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் தேதி போட்டு நாட்குறிப்பு எழுதி வரவேண்டும் என்று உத்தரவு; 1943 என்பது அதில் 2603. அவன் முதலில் தமிழில் எழுதி, பிறகு ஜப்பானிய மொழியில் மாற்றுவான். தெரிந்த சொற்கள் கொஞ்சம் என்பதால், தமிழில் எவ்வளவு பெரிய அவமானமாக இருந்தாலும் ஜப்பானிய மொழியில் அது "இன்று நல்ல வெயில்" என்றுதான் முடியும். ஆசிரியர் அவனை மிகவும் மனநிறைவுள்ள இளைஞன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

சிங்கப்பூர்க் கல்லூரியில் ஒரே ஒரு தவணை தாவரவியல் படித்தவன் அவன். அதற்குள் சண்டை வந்து கல்லூரியை மூடிவிட்டார்கள். அந்த ஒரு தவணையை நம்பித்தான் மொரிதா சென்செய், அதாவது மொரிதா வாத்தியார், அவனை வேலைக்கு எடுத்திருந்தார். சென்செய் தைவானில் பல்கலைக்கழகத்தில் நெல் ஆராய்ச்சி செய்தவர். தைவான் நெல் சீக்கிரம் விளையும். மலாக்கா நெல் இந்த மண்ணில் நின்று பிடிக்கும். இரண்டையும் கலந்து ஒரு புது நெல் எடுத்தால் வருஷத்துக்கு இரண்டு போகம். மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று ஊரே வெளிறிக் கிடந்த காலத்தில் அது நல்ல யோசனைதான்.

ஆனால் கருணாகரனுக்கு ஊர்ப் பசியைவிடத் தன் இடது கைதான் முக்கியமாக இருந்தது. அதில் ஒரு வெள்ளைத் துணிப்பட்டை, பட்டையில் சிவப்பு முத்திரை. அது இருக்கிறவரை யாரும் அவனை லாரியில் ஏற்ற முடியாது. புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து தமிழ் ஆட்களை லாரி லாரியாகச் சயாமில் ரயில்பாதை போடக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். போனவர்களில் ஒருத்தரும் இன்னும் திரும்பவில்லை. முத்திரை இந்த அறுவடைவரைதான் செல்லும். கலப்பு விதை கிடைத்தால் புதுப்பிப்பேன் என்று சென்செய் சொல்லியிருந்தார். கிடைக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை.

அதே பட்டை, வயலில் அவனோடு வேலை செய்த அப்பாசாமி கையிலும் இருந்தது. அவர் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். மனைவி அஞ்சலை, இரண்டு பிள்ளைகள். வயலில் அவன் செய்ததையெல்லாம் அவர் கல்யாணக் கணக்கில்தான் பேசுவார். முதல் நாள் மாலை மலாக்கா நெல்லின் பூவில் உமியின் நுனியைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப்பைகளையும் சாமணத்தால் எடுத்துவிட வேண்டும். அது அவருக்குக் காயடிப்பு. மறுநாள் பத்து மணிக்குத் தைவான் கதிரைக் கொண்டுவந்து மேலே உதறுவது முகூர்த்தம். காகிதப் பையைப் போட்டு மூடுவது சாந்தி முகூர்த்தம்.

"தம்பி, மாப்பிள்ளை கிட்டேயிருந்து ஒண்ணும் கொட்டுற மாதிரி தெரியலையே?" என்று ஒருநாள் கேட்டார்.

"மகரந்தம் ரொம்பப் பொடி அண்ணே. கண்ணுக்குத் தெரியாதுன்னு சென்செய் குறிப்பிலேயே இருக்கு."

அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லைதான். ஆனால் கண் அவனுடையது, குறிப்பு சென்செய்யுடையது. எதைச் சந்தேகப்படுவது என்பதில் அவனுக்குக் குழப்பமே வந்ததில்லை. கல் தூக்கிய அன்று மட்டும் மஞ்சள் தூள் மாவு போலக் கையெல்லாம் கொட்டியது. முற்றிக் கெட்டுப்போன மகரந்தம் என்று முடிவு செய்து, கையைத் தட்டிவிட்டு, சிவப்பு நூலை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினான்.

தான் வரும்வரை ஒரு பையையும் பிரிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுச் சென்செய் சிங்கப்பூருக்குப் போயிருந்தார். ஜூன் மாதம் திரும்பி வந்தவர், நேராக வயலில் இறங்கிப் பைகளைப் பிரிக்க ஆரம்பித்தார். முதல் பையில் பதர். அடுத்ததிலும் பதர். ஒவ்வொரு பையையும் பிரித்து, கதிரை விரலால் நசுக்கிப் பார்த்து, அடுத்ததற்கு நகர்ந்தார். வரிசை முடியும்போது கருணாகரன் மனதுக்குள் சயாமுக்கு எடுத்துப்போக வேண்டிய சாமான்களை அகர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

கடைசியில் இரண்டு பைகள்.

"இது என்ன நூல்?"

"தப்பு, சென்செய். அன்று நான் தாமதம். எறிய வேண்டிய பை."

சென்செய் பிரித்தார். உள்ளே கொழுத்த மணிகள். உள்ளங்கையில் உதிர்த்து எண்ணினார், ஒன்பது இருந்தன.

"எறிய வேண்டிய பையில் நெல். வைத்திருக்க வேண்டிய பையில் பதர்," என்றார் மெதுவாக. "எத்தனை மணிக்குத் தூவினாய்?"

"பன்னிரண்டு."

அப்போதும் மணி கிட்டத்தட்ட பன்னிரண்டுதான். கருணாகரன் தற்செயலாகக் கீழே பார்த்தான். உச்சி வேளை என்று கடிகாரம் சொல்கிறது. அவன் நிழலோ மேற்கே நீளமாகக் கிடக்கிறது. பக்கத்துப் பாத்தியில் தைவான் நெல் அந்த நிமிஷம்தான் உமியைத் திறந்து மஞ்சள் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தது. பத்து மணி வேலை முடிந்ததும் கொட்டகைக்குப் போய்ப் பதிவு எழுத வேண்டும் என்பது விதி. பூ திறப்பதைப் பார்ப்பது விதியில் இல்லை. அதனால் அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஜப்பான்காரன் வந்ததும் ஊர்க் கடிகாரங்களை எல்லாம் ஒன்றரை மணி முன்னால் தள்ளி டோக்கியோ மணியாக்கிவிட்டான். தைவானிலும் அதே டோக்கியோ மணிதான். ஆனால் அங்கே சூரியன் முன்னதாகவே ஏறிவிடும். அங்கே எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டு இங்கே இவன் நாள் தவறாமல், நிமிஷம் தவறாமல், தூங்குகிற பூவை உதறிக்கொண்டிருந்திருக்கிறான்.

சென்செய் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "மேலிடத்துக்கு அறிக்கை போக வேண்டும். பதருக்குக் காரணம் கேட்பார்கள். உதவியாளருக்குக் கைத்திறமை போதவில்லை என்று எழுதுகிறேன். சரியா?"

சரி என்று சொல்லக் கருணாகரன் வாயைத் திறந்துவிட்டான். பிறந்ததிலிருந்து அவன் தன்னைப்பற்றி நினைத்துவந்ததே அதுதான். அதை ஒரு பல்கலைக்கழக ஆள் எழுத்தில் தருகிறார். அப்பாசாமி தன் பட்டையை மற்ற கையால் பொத்திக்கொள்வது கடைக்கண்ணில் பட்டது. கைத்திறமை இல்லாதவனுக்கு எதற்குப் பட்டை? கடிகாரம் சக்கரவர்த்தியுடையது. அதைத் தொட்டால் ராணுவப் போலீஸான கெம்பெத்தாய் வரும். குறிப்பு சென்செய்யுடையது. அதைத் தொட்டால் சென்செய்யே போதும்.

"நெல், சென்செய்," என்றான்.

"என்ன நெல்?"

மாலை வகுப்பில் கற்ற அத்தனை சொற்களையும் திரட்டினான். "நெல் சோம்பேறி. தாமதம் எழும். நாங்கள் பத்து மணி. நெல் தூக்கம்."

"இது தைவான் நெல். தைவானில் பத்து மணிக்கு எழுந்தது."

"இங்கே வந்து கெட்டுப்போனது, சென்செய்."

அப்பாசாமிக்கு இருமல் வந்தது. சென்செய் அண்ணாந்து சூரியனைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தன் நிழலை வெகுநேரம் பார்த்தார். அவர் காது மடல் சிவந்தது. கருணாகரன் கன்னத்தை அறைக்குத் தயாராக வைத்துக்கொண்டான்.

அறை விழவில்லை. சென்செய் குனிந்து எழுதினார். எழுதியதை ஒரு முறை வாசித்தும் காட்டினார். வெப்ப நாட்டில் நெல் ஒழுக்கம் தளர்கிறது. கண்டிப்பான மேற்பார்வையில், நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அதை எழுப்பி வேலை வாங்க வேண்டும். அதற்கு இரண்டு உதவியாளர்கள் அவசியம்.

கொட்டகையில் இரண்டு பட்டைகளிலும் அடுத்த அறுவடைவரை செல்லும்படி புது முத்திரை விழுந்தது.

வீடு திரும்பும் வழியில் அப்பாசாமி சொன்னார்: "உன்னைப் பயந்தாங்கொள்ளின்னு நெனச்சேன் தம்பி. ஒரு நெல்லு மேலே இப்படி அபாண்டம் போடுறியே!"

"பாவமாத்தான் இருக்குண்ணே."

"அடுத்த தடவையும் பதரா வந்தா?"

கருணாகரன் நடையை எட்டிப் போட்டான். அன்றிரவு மாலை வகுப்புக்கு "இன்று நல்ல வெயில்" என்று எழுதினான். முதல் தடவையாக அது பொய்யாகப் படவில்லை. பிறகு தமிழில் எழுதினான்.

நாளைய வேலை: நான்காம் பாத்தியில் கதிர்கள் வெளிவந்துவிட்டன. ஒன்பது விதைகளையும் நிழலில் காய வைக்க வேண்டும். மாலையில் பூக்களின் மகரந்தப்பைகளை எடுத்துப் பை கட்ட வேண்டும். சாமணத்தின் முனை வளைந்திருக்கிறது. அதைத் தட்டி நேராக்க வேண்டும்.