இலைத் தண்ணீர்

றஸ்னா அடுப்பிலிருந்து பானையை இறக்கும்போது சல்மா உம்மா வாளியோடு குசினி வாசலில் வந்து நின்றார். ஊரில் இறந்துபோகிற பெண்களின் மையித்துகளைக் குளிப்பாட்டுகிறவர் அவர்.

"இலந்தை இலைத் தண்ணி இதா புள்ள?"

"இல்ல மாமி, மற்றப் பானை. இது கோழிகளுக்கு."

சல்மா உம்மா மூடியைத் தூக்கி முகர்ந்தார். கொய்யா இலையும் உள்ளியும் அவிந்த மணம்.

"ஒன்ட உம்மா மையித்தாக் கிடக்கா. நீ கோழிக்கிக் கசாயம் காய்ச்சிறாய்."

றஸ்னா இலந்தை இலைத் தண்ணீரை வாளியில் ஊற்றிக் கொடுத்தாள்.

கோழிக் கொட்டிலின் தகரம் கிழித்த காயம்தான். உம்மாவின் கால் விரலுக்குப் பக்கத்தில், சின்னதாக. கோழிகளின் தண்ணீரில் நாளாந்தம் கலக்கிற வெள்ளை அன்டிபயோட்டிக் தூளையே உம்மா அதில் தூவிக் கட்டிக்கொண்டார். கோழிக்குச் சுகம் வருகிறது, எனக்கு வராதா என்று சிரித்தார். காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எந்த ஊசிக்கும் காய்ச்சல் அடங்கவில்லை. வீட்டில் கோழி வளர்க்கிறீர்களா என்று டொக்டர் கேட்டார். சும்மா சும்மா மருந்து கொடுத்தால் கிருமிக்கு அது பழகிவிடும், பிறகு மனிதருக்குக் கொடுக்கிற மருந்தும் வேலை செய்யாது என்றார். தனக்கு மூத்தவனான காக்கா றிபாஸிடம் றஸ்னா இதைச் சொன்னாள். அவன் நம்பவில்லை.

உம்மாவுக்குக் காயம் படுவதற்கு முன்பே அவள் கொட்டிலின் ஒரு பக்கத்துக் குஞ்சுகளுக்கு இலைத் தண்ணீர் வைத்துப் பார்த்திருந்தாள். உம்மாவும் காக்காவும் அவளை வைத்தியர் என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். நேற்றுப் பின்னேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உம்மா கண்ணைத் திறந்தார்.

"கோழிகளுக்கு இலைத் தண்ணி வெச்சியா?"

"ஓம் உம்மா."

"இனி அத மட்டும் வை. காக்காக்கும் சொல்லு."

பிறகு உம்மா கதைக்கவில்லை.

றஸ்னா பானையைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள். குஞ்சுகள் தும்மிக்கொண்டிருந்தன. மூலையில் ஒன்று கால்களை நீட்டிக் கிடந்தது. தண்ணீர்ச் சட்டிகள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. குனிந்து பார்த்தாள். தண்ணீர் வெண்மையாகக் கலங்கியிருந்தது. அவள் ஒவ்வொரு சட்டியாகக் கவிழ்த்துவிட்டு இலைத் தண்ணீரை ஊற்றினாள். அந்தத் தகரம் இன்னும் மடக்கப்படாமல் வாசலில் துருத்திக்கொண்டு நின்றது.

ஜனாஸாவைத் தூக்கியபோது வீட்டுக்குள் பெண்கள் அழுதார்கள். றஸ்னாவின் காதில் கொட்டிலின் தும்மல்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து ஆண்கள் திரும்பியதும் பக்கத்து வீட்டு றபீக்கா சோறு கொண்டுவந்து வைத்தார். றிபாஸ் பாயில் உட்கார்ந்தான். றஸ்னா கை கழுவச் செம்பும் படிக்கமும் கொண்டுவந்து அவன் முன்னால் குந்தினாள்.

"கொட்டிலுக்க நான் வெச்ச தண்ணிய ஊத்திட்டியாம்." மெதுவாகத்தான் கேட்டான்.

"ஓம்."

"அதுகள் எல்லாம் செத்தா?"

"உம்மாதான் சொல்லிட்டுப் போனா, காக்கா. இனி தூள் வேணாமாம்."

அவன் கையைக் கழுவ நீட்டினான். பெருவிரலில் துணிக் கட்டு.

"என்னது?"

"தகரம். சின்னக் கீறல்தான். ஊத்து."

றஸ்னா செம்பைச் சரித்தாள். கட்டு நனைந்தது. அதன் ஓரத்தால் வழிந்த தண்ணீர் படிக்கத்தில் விழுந்து வெண்மையாகக் கலங்கியது.