ஒன்பதாம் சுவரின் தண்ணீர்

தொப்பியைப் பிடித்திருந்தது நான்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் சுரங்கத்தில் சீட்டு எடுப்போம். யாருக்கு எந்த இடம் வருகிறதோ, அடுத்த மூன்று மாதம் அங்கேதான் கரி வெட்ட வேண்டும். மாற்றிக்கொள்ள முடியாது. ரீஸ் பிடித்தால் தில்லுமுல்லு இருக்காது என்று பத்து வருடமாகத் தொப்பியை என்னிடமே கொடுக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும்.

என் மகள் கெசியாவின் புருஷன் மெரிக், கையை விட்டுத் துழாவி ஒன்பதை எடுத்தான். "மூலைக்கு விரட்டிட்டீங்களே மாமா! பொண்ணக் குடுத்த கோவம் இன்னும் தீரலையா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் தொப்பியை அடுத்தவனிடம் நீட்டினேன்.

ஒன்பதாம் இடம் ஓடையைப் பார்த்துப் போகிறது. இருபத்தொரு வருடத்துக்கு முன், நியூகாசிலைச் சுற்றி ஆளாளுக்குக் குழி தோண்டிய காலத்தில், ஓடைக்கு அந்தப் பக்கம் நானும் மெரிக்கின் அப்பா மோர்கனும் ஒரு குழி தோண்டினோம். இரண்டு ஆள், ஒரு தள்ளுவண்டி, கொழுப்பு மெழுகுவர்த்தி. கரி நன்றாக இருந்தது. அதன் பின்னாலேயே ஓடைக்கு அடியில் புகுந்து, இந்தப் பக்கம் அடுத்தவன் நிலத்துக்குள் வந்துவிட்டோம். திருட்டுதான், வேறென்ன. வெள்ளம் வந்த அன்று ஓடை குழிக்குள் இறங்கியது. நான் வண்டியோடு வெளியே வந்திருந்தேன். மோர்கன் உள்ளே இருந்தான். மெரிக்குக்கு அப்போது மூன்று வயது.

ஓடையைக் கடக்கும்போது வெள்ளம் அவனை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று ஊரில் சொன்னேன். அவன் மனைவி பதினைந்து நாள் கரை கரையாகத் தேடினாள். பிறகு கம்பெனி வந்து வரைபடம் போட்டபோது, பழைய குழி எதுவரைக்கும் என்று கேட்டார்கள். "ஓடையோட நின்னுது" என்றேன். படத்தில் கோடும் அங்கேயே நின்றது. இந்த முறை தொப்பியில் சீட்டுப் போடும்போது, ஒன்பதாம் சீட்டை ஒளித்துவிடலாம் என்று நினைத்தேன். எங்கே என்று கேட்பார்களே. பதிமூன்று இடம் இருக்கிறது, இது அவனுக்கா வரப்போகிறது என்று விட்டுவிட்டேன். நான் கோழை.

ஆறாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை பகலில், மெரிக் வேலை முடிந்து வந்து டீ டப்பாவை மேசைமேல் வைத்தான். கெசியா அடுப்பிலிருந்த ஆட்டுக்கறியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"சுவரு வேர்க்குது மாமா. புடிச்சுட்டு வந்தேன். மோந்து பாருங்க."

மூடியைத் திறந்தேன். துருப் பிடித்த நிறம், அழுகிய முட்டை நாற்றம். வெகுநாள் அடைந்து கிடந்த தண்ணீர்.

"ஓடைத் தண்ணி இப்படி நாறாதே?" என்றான்.

"எங்க குழித் தண்ணி" என்றேன். "ஓடையோட நிக்கல அது. இந்தப் பக்கம் நாப்பது கஜம் வந்தோம்."

"யாரு?"

"நானும் உன் அப்பனும். அவன் வெள்ளத்தோட போகல மெரிக். உள்ளதான் இருக்கான்."

கெசியாவின் கரண்டி நின்றது. மெரிக் அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை. அவன் டப்பாவையே பார்த்தான்.

"என் சுவருக்கும் அந்தக் குழிக்கும் நடுவுல இன்னும் எத்தனை கஜம் இருக்கும்?"

"ரெண்டு. மூணு இருந்தா நம்ம அதிர்ஷ்டம்."

"ஐயோ, டலி!" அவன் ஜோடி டலி, அதே சுவரில் அடுத்த ஷிப்டில் வெட்டுகிறவன். "அவன் இப்பத்தான் எறங்கினான்!"

நாற்காலி பின்னால் விழுந்தது. மெரிக் வாசலைத் தாண்டிவிட்டான். நான் எழுந்து நாற்காலியை நிமிர்த்தினேன். கெசியா என்னைப் பார்க்கவில்லை. அந்த நாற்றத்தை வீட்டில் வைத்திருக்க முடியாதவள்போல டப்பாவையும் மூடியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், தண்ணீரைக் கொட்டக் கையைச் சாய்த்தாள்.

வேலியருகே மெரிக் திரும்பிக் கத்தினான். "கெசியா, அந்தத் தண்ணியக் கொட்டிராத!"

பிறகு சுரங்கத்தைப் பார்த்து ஓடினான். ஆபத்து மணி இன்னும் அடிக்கவில்லை. கெசியா மூடியை அழுத்தி மூடி, டப்பாவை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவன் போன திசையையே பார்த்து நின்றாள்.