முழுப்பேர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்போம். கொழுந்து நிறை சரியாக இருந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மறுபடி வேலைக்கு இறங்கிய வாரம் முழுக்க, ஒரு கொழுந்தும் கிள்ளாமலே எனக்கு முழுப்பேர் விழுந்தது. அந்தப் பேர்தான் எனக்கு வேண்டாம் என்றிருந்தது.

நடந்தது இதுதான். மூன்று மாதம் முடியவில்லை, கரு தங்கவில்லை. வயிற்றைக் கழுவி அனுப்பினார்கள். சின்ன வேலைதான், பயப்பட ஒன்றுமில்லை என்றாள் நர்ஸ் மிஸ்ஸி. பயமெல்லாம் இல்லை. எதுவுமே இல்லை. திரும்பி வருகையில் லிந்துலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, அதுதான் அன்றைக்கு நடந்த ஒரே நல்ல காரியம். கொழும்பில் கடையில் நிற்கிற என் வீட்டுக்காரர் கிஷாந்த், உடம்பைப் பார்த்துக்கொள் என்று போனில் சொன்னார். வேறு என்ன சொல்வார், பாவம்.

மூன்று மாதம் ஆகும் முன்னே வெளியில் சொன்னால் கண் பட்டுவிடும் என்று, என் மாமியார் நாகலெட்சுமி யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்றிருந்தாள். சொல்லாமல் இருந்ததற்கே இந்தக் கதி. இருந்தது என்றே தெரியாதவர்களிடம் போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? நாங்கள் குடியிருக்கிற லயத்து வரிசையில் கேட்டவர்களுக்கெல்லாம், வயிற்றில் கட்டி, எடுத்துவிட்டார்கள் என்றாள். நானும் தலையாட்டினேன். நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று பக்கத்துக் காம்பராவில் கேட்டார்கள். நல்ல கட்டிதான் என்றேன்.

டொக்டர் கொடுத்த துண்டில் பாரம் தூக்கக் கூடாது என்று இருந்தது. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் எங்களை மேற்பார்க்கிற கண்டாக்கு முத்துலிங்கம் ஐயா அதை வாசித்துவிட்டு, என்னைப் பிள்ளைக் காம்பராவுக்கு அனுப்பினார். கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. நல்ல மனுசன், நல்லதென்று நினைத்துத்தான் செய்தார். உட்கார்ந்து தொட்டில் ஆட்டுகிற வேலை யாருக்குக் கிடைக்கும்?

ஆட்டினேன். பால் கரைத்தேன். ஈரத் துணி மாற்றினேன். அங்கே பொறுப்பாக இருக்கிற அழகம்மா அக்கா, உன் கை பட்டாலே தூங்குதுங்க, சீக்கிரம் நீயும் ஒன்று பெற்றுக்கொள் என்று கேலி செய்தாள். சிரித்து வைத்தேன். பல் முளைக்காத பிள்ளை ஒன்று என் தோளில் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டே தூங்கிப்போனது. அதன் மேல் பாசமும் வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை. மரக்கட்டை மாதிரி நின்றேன். அதுதான் பயமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் இங்கே இருந்தால் கடைசிவரை இப்படியே ஆகிவிடுவேன் என்று தோன்றியது.

கொழுந்தெடுக்க மலைக்கே போகிறேன் என்று மாமியாரிடம் சொன்னேன். உட்கார்ந்த இடத்தில் பேர் விழுகிறது, இவளுக்கு என்ன கொழுப்பு என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் பெரட்டில் கூடையோடு போய் நின்றேன். கண்டாக்கையா முகம் சுளித்தார். கட்டி எடுத்த உடம்பு, பிள்ளைக் காம்பராவில் அப்படி என்ன கஷ்டம் என்று கேட்டார். சுற்றிலும் பெண்கள். மாமியாரும் கொழுந்துக்காரிதானே, பக்கத்தில் நின்றவள் என் முழங்கையை இடித்தாள்.

"கட்டியில்லீங்கய்யா, புள்ள. அங்க தொட்டில் ஆட்ட என்னால முடியலீங்க."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அவள் தோள் குலுங்கியது. இத்தனை நாளும் அவளும் அடக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எனக்கு அது உறைக்கவே இல்லை.

கண்டாக்கையா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரோட்டோரத்து மலைக்குப் போ தனுஜா. பாரத்த மத்தவங்க தூக்கட்டும். கொழுந்து கொறஞ்சாலும் முழுப்பேரு போட்டுர்றேன்."

பேர் போடுகிற பேச்சு தினமும் காதில் விழுவதுதான். அன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு வேறொரு பேர் நினைவுக்கு வந்தது. பெண் பிறந்தால் வைக்க ஒரு பேரை மனதுக்குள் வைத்திருந்தேன். கிஷாந்திடம்கூடச் சொன்னதில்லை.

மலை ஏறும்போது, பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்த மாமியாரிடம் அதைச் சொன்னேன்.

"தக்ஷிகா, மாமி."