ஹாலிடன் ரிவால்வரும் ஒரு சாட்சியும்

விலை திரையில் வந்த நேரம் வெண்டலின் வாய் நிறைய டோநட் இருந்தது. மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை, அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பது டாலர். ஹாலிடன் ரைபிள் கம்பெனி முதல் முறையாக ஒரு ரிவால்வர் செய்திருக்கிறது, அதை நேரலையில் காட்டப்போகிறார்கள் என்று ஒரு மாதமாக என் கடையில் வேறு பேச்சே இல்லை. காலைக் காப்பிக்குக் கூடும் ஆட்கள் அன்று உட்காரக்கூட இல்லை, டிவிக்குக் கீழே கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றார்கள். திரையில் ஹாலிடன் பெரியவரைக் காணவில்லை. அவருடைய மருமகனாம், மடிப்புக் கலையாத சட்டையும் அன்றைக்குத்தான் வாங்கிய மாதிரி ஒரு தொப்பியுமாக ஒருவன் வந்து, ரிவால்வரை வெல்வெட் துணியிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினான். அழகாகத்தான் இருந்தது. விசைக்குக் காவலாக ஹாலிடன் ரைபிளில் இருக்கும் அதே பித்தளை, அதே வால்நட் மரப்பிடி. "தரம் தெரிந்தவர்களுக்கான துப்பாக்கி" என்றான் அவன். இத்தனை வருஷம் அந்தக் கம்பெனியின் விளம்பரம் "உழைக்கிறவன் துப்பாக்கி" என்று இருந்தது.

முதலில் வாயைத் திறந்தது கேஸ் லாரி ஓட்டும் கர்ட். அவனுக்கு வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும்.

"ஏன் பெருசு, அறுநூறுக்கு மேல ஒரு சல்லி போகாதுன்னீங்க. மீதிய உங்க சிநேகிதர் ஹாலிடன் போட்டுத் தருவாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். வெண்டல் சிரிக்கவில்லை. டோநட்டை விழுங்கிவிட்டு, இரும்பு விலை ஏறியிருக்கிறது, முதல் தொகுதி இப்படித்தான் இருக்கும், அடுத்த வருஷம் இறங்கிவிடும் என்று ஏதோ சொன்னான். யாரும் கேட்கவில்லை. இந்த விலைக்குக் குறிபார்க்கும் முனையைத் திருகி ஏற்றி இறக்கக்கூட வசதி இல்லையே என்று ஒருவர். பித்தளை பளபளப்பதற்கு மட்டும் முந்நூறு டாலரா என்று இன்னொருவர். இதைவிடக் குறைந்த விலையில் நூறு வருஷமாக ரிவால்வரே செய்துவரும் கம்பெனிக்காரனுடையதை வாங்கலாமே, ரைபிள்காரனுக்கு எதற்கு இந்த வேலை என்று மூன்றாமவர். யானை விலை குதிரை விலை சொன்னால் ஜனங்கள் வேறென்ன செய்வார்கள். ஆனால் அவர்கள் கோபத்தில் விலை மட்டும் இல்லை. இத்தனை நாள் நம்மில் ஒருவன் என்று நினைத்தவன் திடீரென்று நம்மைத் தாண்டி யாரையோ பார்த்துப் பேசுகிறான், அந்த வலி. அதை எந்த ஆம்பிளை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான்? குறி சரியில்லை, பிடி சரியில்லை என்றுதான் சொல்வான்.

நான் மார்லிஸ். டாமராக் லேக்கில் துப்பாக்கியும் தூண்டிலும் மான் உப்புக்கண்டமும் விற்கிறேன். வெண்டலும் அவன் கூட்டாளி ஆர்லோவும் நானும் ஒரே பள்ளிக்கூடம். வெண்டல் காகித ஆலையில் இருந்து ஓய்வு பெற்றவன், ஆர்லோ கவுண்டி நிர்வாகத்துக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன். வெண்டல் வீட்டுச் சுவரில் பதினோரு ஹாலிடன் ரைபிள் தொங்குகிறது. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள், இவனுக்கு அடுத்தவன் குஞ்சு பொன் குஞ்சு. ரைபிளுக்கும் ரிவால்வருக்கும் ஒரே தோட்டா, இரண்டிலும் ஒரே பித்தளை, இடுப்பில் ஒன்று தோளில் ஒன்று என்று ஒரு ஜோடி வேண்டும் என்பது அவன் நெடுநாள் ஆசை. கம்பெனி ரிவால்வர் செய்யப்போகிறது என்று கேள்விப்பட்ட வாரமே போய், தோல் உறை ஒன்று தைத்துக்கொண்டு வந்துவிட்டான். இன்னும் கண்ணால் பார்க்காத துப்பாக்கிக்கு, குத்துமதிப்பாக ஓர் அளவு சொல்லி. அந்த வெறும் உறையை இடுப்பில் மாட்டிக்கொண்டுதான் கோடை முழுவதும் என் கடைக்கு வந்தான். நாங்களும் கேலி செய்து ஓய்ந்துவிட்டோம்.

அந்த நம்பிக்கைக்கு ஒரு கதை உண்டு. பதினைந்து வருஷம் முன்னால் அவன் ரைபிள் ஒன்றில் தோட்டாக்குழல் சிக்கிக்கொண்டது. கம்பெனிக்குப் போன் போட்டான். ஹாலிடன் பெரியவரே எடுத்தாராம். இருபது நிமிஷம் பேசினாராம். இந்த வருஷம் மான் எப்படி என்று விசாரித்தாராம். நீங்கள் ஏன் ரிவால்வர் செய்யக்கூடாது என்று இவன் கேட்க, "செஞ்சா உன்னை மாதிரி ஆளு வாங்கற விலையிலதான்பா செய்வேன்" என்றாராம். பழுதுக்குப் புதுக் குழல் இலவசமாக வந்தது, அது உண்மை, பெட்டியை நானே பார்த்தேன். இந்தக் கதையை அவன் எத்தனை தடவை சொல்லியிருக்கிறானோ, அத்தனை தடவையும் முடிவு ஒன்றுதான்: "ஆர்லோவைக் கேளு, பக்கத்துலதான உக்காந்திருந்தான்." ஆர்லோ காப்பிக் கோப்பைக்குள் பார்த்தபடியே தலையை ஆட்டுவான். "ஆமா, நானும் கேட்டேன்."

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். என் கடையில் ஒரு விதி உண்டு. என் கடையில் என்ன, துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த எல்லா இடத்திலும் உண்டு. கொடுப்பவன் துப்பாக்கியைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டிக் கொடுக்க வேண்டும். வாங்குபவன், அதைப் பார்த்திருந்தாலும், தன் கையால் ஒருமுறை திறந்து பார்த்து "காலி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெற்ற தாய் கொடுத்தாலும் சரி, பாதிரியார் கொடுத்தாலும் சரி. இதில் யாருக்கும் மானக்குறைவு கிடையாது. இந்த விதியை என் கண்ணெதிரே மீறுகிற இரண்டே பேர் வெண்டலும் ஆர்லோவும். ஒருவன் மூடியபடி நீட்டுவான், மற்றவன் மூடியபடி வாங்குவான். மான் சீசனில் முப்பது வருஷமாக ஒரே மரத்துப் பரணில் முட்டியோடு முட்டி உட்கார்ந்தவர்கள். நான் எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். ஒருநாள் வெண்டல் சொன்னான்: "அவன் கண்ணு பாத்தாச்சுன்னா என் கண்ணு பாத்த மாதிரி, மார்லி. ரெண்டு தடவை எதுக்குப் பாக்கணும்?"

விலை தெரிந்த மறுநாள் வெண்டல் கம்பெனிக்குப் போன் போட்டான், என் கடையிலிருந்தே. ஆலை இரைச்சலும் வெடிச் சத்தமுமாக அவன் காது பாதி போய்விட்டதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவான். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. பாட்டுப் போட்டது. கடைசியில் ஒரு பெண் வந்தாள், நல்ல மரியாதையான பெண்.

"சார், நீங்க ஏற்கெனவே எங்க வாடிக்கையாளரா?"

கர்ட் கூட அப்போது சிரிக்கவில்லை.

"பதினோரு ரைபிள் வெச்சிருக்கேன்மா," என்றான் வெண்டல். பிறகு, பெரியவரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும், டாமராக் லேக் வெண்டல் என்று சொன்னால் தெரியும் என்றான். பெரியவர் இப்போதெல்லாம் ஆபீசுக்கு வருவதில்லை, உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொள்கிறேன் என்றாள் அவள். கருத்து ஒன்றும் இல்லை, துப்பாக்கி அழகாக இருக்கிறது என்று சொல்லத்தான் கூப்பிட்டேன் என்று போனை வைத்தான். நம்ப வைத்துக் கழுத்தறுப்பதை இத்தனை இனிமையான குரலில் செய்ய முடியும் என்று அன்றுதான் கண்டேன். ஆர்லோதான் அவன் தோளைத் தட்டினான். "ஆபீஸ் மாறிப்போச்சுடா. அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்? அன்னிக்கு அவரு பேசினதை நான் கேட்டேன்ல." வெண்டல் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதை நான் மறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து கர்ட் செல்போனை நீட்டிக்கொண்டு வந்தான். துப்பாக்கிப் பிரியர்கள் இணையத்தில் கூடிப் பேசும் இடம் ஒன்று இருக்கிறது. ஹாலிடன் ரிவால்வர் பற்றி அங்கே ஊரே தீப்பிடித்துக் கிடந்தது. நம்மை விற்றுவிட்டான் என்று பாதி, வாங்க வக்கில்லாதவன் ஏன் கத்துகிறாய் என்று மீதி. கர்ட் ஒவ்வொன்றாக ஏற்ற இறக்கத்தோடு படித்தான். வெண்டலே இரண்டு இடத்தில் சிரித்தான். ஆர்லோ சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தான். புனைபெயரில் ஒருவர் எழுதியது செம வேடிக்கை என்று கர்ட் அடுத்ததை எடுத்தான்.

"எங்க ஊர்ல ஒரு ஆள் இருக்கான். ஹாலிடன் பெரியவர் தன்கிட்ட இருபது நிமிஷம் பேசினாருன்னு பதினஞ்சு வருஷமா சொல்லிட்டுத் திரியறான். நான் அந்த மேஜையிலதான் உக்காந்திருந்தேன். பேசினது குடோன்ல வேலை பாக்கற எவனோ. மூணு நிமிஷம். அதுல பாதி விலாசம் எழுதிக்கிட்டான்…"

கர்ட்டின் குரல் அங்கேயே இறங்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் ஓடுகிற வண்டி சட்டென்று நிற்காதே. இன்னும் செய்யாத துப்பாக்கிக்கு உறை தைத்த மேதாவி அவன்தான், தொள்ளாயிரத்து ஐம்பதையும் கொடுத்துவிட்டுக் கம்பெனிக்கு நன்றி சொல்லுவான் பாருங்கள் என்ற கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் வாயை மூடினான். கரண்டி கலக்கும் சத்தம் நின்றுபோனது. அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவன் யார் என்று எங்களில் யாருக்கும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எழுதிய நாளை நான் பிறகு பார்த்தேன். வெண்டல் அந்தப் பெண்ணோடு போனில் பேசிய அதே நாள், சாயங்காலம்.

வெண்டல் கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் ஆர்லோவைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்.

"மூணு நிமிஷம்தானா?"

ஆர்லோ கரண்டியைக் கோப்பையிலிருந்து எடுத்துத் துடைத்தான். "சும்மா சிரிக்க எழுதினதுடா. அங்க உன்னை யாருக்குத் தெரியும்" என்றான். வெண்டல் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கம்பெனி என்றால் கம்பெனி, அதற்கு முகமும் கிடையாது முதுகும் கிடையாது, திட்டிவிட்டு வேறு துப்பாக்கி வாங்கிக்கொள்ளலாம். கூடவே இருந்து குழி பறித்தவனை என்ன செய்வது? அன்று முழுவதும் எனக்கு ஆர்லோவை அறைய வேண்டும் போல இருந்தது. ராத்திரி படுத்தபோது வேறொன்றும் தோன்றியது. கூட்டாளிக்காகப் பதினைந்து வருஷம் பொய்ச்சாட்சி சொல்லிச் சொல்லி அவனுக்கு அலுத்துவிட்டதோ என்னவோ. உண்மையை எங்கேயாவது துப்ப வேண்டும் என்று இருந்திருக்கும், ஊர் பேர் தெரியாத கூட்டத்தில் போய்த் துப்பினான். அதற்காக அவனை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு இரண்டு பேருமே கடைக்கு வரவில்லை. மான் சீசன் திறக்கும் சனிக்கிழமைக்கு முந்தின புதன்கிழமை, ஹாலிடனிலிருந்து எனக்கு ஒதுக்கிய ஒற்றை ரிவால்வர் வந்து சேர்ந்தது. சேதி எப்படியோ தெரிந்து மதியமே ஆர்லோ வந்து நின்றான். சவரம் செய்திருந்தான். பேரம் பேசவில்லை. வாங்குகிறவன் மேல் வழக்கு ஏதும் உண்டா என்று சர்க்கார் சோதித்துச் சொல்லக் காத்திருந்தபோது மட்டும், "சனிக்கிழமை பரணுக்கு வருவானா மார்லி?" என்று கேட்டான். எனக்கென்ன தெரியும் என்றேன். வெண்டலை வரச்சொல்லிக் கூப்பிடச் சொன்னான். அவன் கூப்பிட்டால் எடுக்கவில்லையாம். நான் கூப்பிட்டேன். ரிவால்வர் வந்திருக்கிறது, வந்து பார் என்று மட்டும் சொன்னேன்.

வெண்டல் வந்தான். உறை இடுப்பிலேயே இருந்தது, கழற்றவில்லை. ஆர்லோவைக் கண்டதும் வாசலில் ஒரு கணம் தயங்கிவிட்டு உள்ளே வந்தான். இருவருக்கும் நடுவே மேஜை மேல் பச்சைத் துணி விரித்து ரிவால்வர் கிடந்தது. கொஞ்சம் முன்னால்தான் நான் திறந்து காட்டி, ஆர்லோ தானும் பார்த்து, காலி என்று சொல்லி மூடி வைத்திருந்தான். என்ன பேசுவது என்று நெடுநேரம் யோசித்து வைத்திருந்தான் போல. அதையெல்லாம் விட்டுவிட்டுத் துப்பாக்கியை எடுத்து, முப்பது வருஷப் பழக்கப்படி, மூடியபடியே பிடிப்பக்கமாக நீட்டினான்.

"இந்தா. உனக்குத்தான். உறையில போட்டுப் பாரு."

வெண்டல் வாங்கினான். அந்த நொடியில் எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். அவன் பித்தளையைத் தடவினான், எடை பார்த்தான். பிறகு குழாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி, கட்டைவிரலால் கொக்கியைத் தள்ளி, தோட்டா போடும் சிலிண்டரை வெளியே சாய்த்தான். ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, அவசரமே இல்லாமல் ஒவ்வோர் ஓட்டையாகத் திருப்பித் திருப்பி ஆறையும் பார்த்தான். என் விதியை, நான் தொண்டை கிழியக் கத்தியும் கேட்காத அந்த விதியை, ஓர் அணு பிசகாமல் செய்தான். ஆர்லோவின் கை நீட்டியபடியே இருந்தது.

"காலி," என்றான் வெண்டல். சிகாகோவிலிருந்து வரும் அறிமுகமில்லாத ஆளிடம் சொல்வது போல, மரியாதையாக.

ரிவால்வரைத் திறந்தபடியே பச்சைத் துணியில் வைத்தான். ஹாலிடன்காரன் நன்றாகத்தான் செய்திருக்கிறான் என்று என்னிடம் சொன்னான். ஆர்லோ, "சனிக்கிழமை…" என்று ஆரம்பித்தான். வெண்டல் தொப்பியைத் தொட்டு எனக்கு விடை சொல்லிவிட்டு வெளியே போனான். கதவு மணி அடித்து நின்றது. வெளியே அவன் வண்டி ஒரு தடவைக்கு இரண்டு தடவை உறுமிக் கிளம்பியது. ஜன்னலைப் பார்த்துக் கிடந்த அந்த ஆறு ஓட்டைகளிலும் பகல் வெளிச்சம் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. ஆர்லோவும் அதை மூடவில்லை, நானும் மூடவில்லை.