கேட்கவில்லை

வெர்ன் கஸ்கி இறந்து ஏழு மாதமாகியும் என் அறையிலிருந்த செடிக்கு யாரோ தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஊற்றவில்லை. வரவேற்பில் உட்காரும் வான்டாவிடம் விசாரித்தேன்.

“எனக்கிருக்கற வேலைல உங்க செடி வேறயா? என்கிட்ட கள்ளிச்செடியே செத்துப்போச்சு டாக்டர்!”

“அப்ப கூட்டுற ஆளா?”

“அவனா? குப்பைத் தொட்டியையே பாதி நாள் மறந்துடறான்.”

வியாழக்கிழமைகளில் மட்டும் மண் ஈரமாக இருந்தது.

வெர்ன், எங்கள் ஊரான அமெரிக்காவின் டுலூத் துறைமுகத்தில் இரும்புத்தாதுக் கப்பல்களுக்குச் சரக்கேற்றியவர். வயது ஐம்பத்தெட்டு. மனைவி பிரிந்துபோன பிறகு, வியாழன்தோறும் காலை பத்து மணிக்கு என்னிடம் வந்துகொண்டிருந்தார். காகிதக் கோப்பையில் தண்ணீர் பிடித்துவந்து பாதி குடிப்பார். ஐம்பது நிமிட அமர்வு முடியப்போகும்போது எழுந்து மிச்சத்தை ஜன்னலோரத் தொட்டியில் ஊற்றுவார்.

“என் புலம்பலைக் கேட்டுக் கேட்டு இதுக்கும் தொண்டை வறண்டிருக்கும், டாக்டரம்மா.”

நான் லைசன்ஸோடு பதினாறு வருடமாகத் தொழில் செய்யும் ஆலோசனை உளவியலாளர். போர்டு அங்கீகாரம் அதற்கும் மேலே ஒரு படி. எங்கள் மையத்தில் பயிற்சிப் பிரிவின் தலைமை நாற்காலி, அது கையில் இருப்பவருக்குத்தான். அதை வாங்க, ஓர் அமர்வை வீடியோ எடுத்து, வார்த்தை பிசகாமல் எழுத்தில் இறக்கி அனுப்ப வேண்டும். பிறகு மூன்று தேர்வாளர்கள் அதை வைத்து நம்மைக் குடைந்தெடுப்பார்கள்.

“என் வழுக்கை தெரியாம எடுங்க” என்று சொல்லி வெர்ன் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

அன்றுதான் அவர் முதன்முதலாக அழுதார். அதன் பிறகு சிரிக்கவும் செய்தார். என் பதினாறு வருடத்தில் அதைவிட நல்ல அமர்வு இல்லை என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். திங்களன்று அவருடைய தங்கை தொலைபேசியில் சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். நாற்பத்தெட்டாவது நிமிடம். வெர்ன் கேமராவுக்கு முதுகைக் காட்டித் தண்ணீர் ஊற்றுகிறார். கோட்டின் ஜிப்பை இழுக்கிறார். அந்தச் சத்தத்துக்குள் ஏதோ முணுமுணுக்கிறார். “அடுத்த வியாழன் பாக்கலாம்” என்கிறது என் குரல். என் கண் சுவர்க் கடிகாரத்தில் இருக்கிறது.

அந்த இடத்தை ஒன்பது முறை ஓட்டினேன். பிறகு அடைப்புக்குறிக்குள் ‘கேட்கவில்லை’ என்று தட்டினேன். அதோடு அனுப்பும் அறிக்கையின் கடைசியில் ‘சிகிச்சை முடிவடைந்தது’ என்று ஒரே வரி. பொய் எதுவும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதிலிருந்து அந்த ஜிப் சத்தம் என்னை விடவில்லை. மளிகைக் கடை வரிசையில், தேவாலயத்தில், பனி மூடிய கார் நிறுத்தத்தில் முதுகுக்குப் பின்னால் சர்ரென்று இழுபடும். திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள்.

தேர்வும் ஒரு வியாழக்கிழமைதான் அமைந்தது. காலை பத்து மணி. என் அறைக் கணினித் திரையில் மூன்று முகங்கள். தலைமைத் தேர்வாளர் ஹெஸ்டர் பிளெட்சோவுக்குச் சளி. இருமல் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசினார். முக்கால் மணி நேரம் எல்லாம் நன்றாகவே போயிற்று.

“கடைசியா ஒண்ணு, மாரிட். நாப்பத்தெட்டாவது நிமிஷத்துல ‘கேட்கவில்லை’ன்னு போட்டிருக்கீங்க. எங்களுக்கும் லேசா ஏதோ காதுல விழுது, ஆனா பிடிபடல. நீங்க அந்த ரூம்ல இருந்தவங்க. என்னதான் சொன்னாரு?”

தெரியாது என்று சொன்னால் போதும். நாற்காலி என்னுடையது. வாயைத் திறந்தேன்.

என் பின்னால் ஜிப் இழுபட்டது.

திரையில் இருந்த இளைய தேர்வாளர் சட்டென்று நிமிர்ந்தார். “கூட யாராவது இருக்காங்களா? தேர்வு நேரத்துல வேற ஆள் இருக்கக் கூடாதுங்க.”

“யாரும் இல்ல” என்றேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. “டாக்டர், அது எனக்குக் கேட்டுச்சு. ஹெட்போன்ல தெளிவா கேட்டுச்சு. அன்னிக்கு ரூம்லயும் பாதி காதுல விழுந்துச்சு. என்ன சொல்றீங்கன்னு அவரைத் திருப்பி நான்தான் கேக்கல.”

ஹெஸ்டரின் வாயில் மிட்டாய் அசையவில்லை.

“‘இனிமே இதுக்கு நீங்கதான் தண்ணி ஊத்தணும், டாக்டரம்மா’ன்னு சொன்னாரு. நான் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன். மூணு நாள்ல தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டாரு. ‘சிகிச்சை முடிவடைந்தது’ன்னு எழுதினது அதைத்தான்.”

ஹெஸ்டர் பேனாவை எடுத்தார்.

“இதை நாங்க குறிப்புல எழுதியாகணும், மாரிட்.”

“எழுதுங்க.”

திரை அணைந்தது. அதற்குப் பிறகுதான் திரும்பினேன். அறை காலியாக இருந்தது. ஜன்னலோரம் போய் மண்ணில் விரலை வைத்தேன். வியாழக்கிழமையும் அதுவுமாக மண் காய்ந்து வெடித்திருந்தது. ஓர் இலை தொங்கிக்கிடந்தது.

காகிதக் கோப்பையில் தண்ணீர் பிடித்து வந்தேன். பாதி குடித்தேன். மிச்சத்தை ஊற்றினேன்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அந்த அமர்வை ஏற்க முடியாதாம். வேறொன்றோடு மறுபடி விண்ணப்பிக்கலாமாம். கவரை நீட்டிய வான்டா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “செடியாவது பொழைச்சுதே” என்றாள்.

அன்றும் வியாழன்தான். மண் காய்ந்திருந்தது. கோப்பையை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனேன்.