வானத்தில் ஒரு கோடு

ஹொரேஸ் பிங்கமின் உளி வழுக்கியது 1935 மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மன்னர் பட்டமேறி இருபத்தைந்து ஆண்டு நிறைவு; நாற்பத்துச் சொச்சம் காலனிகளுக்கும் மே ஆறாம் தேதிக்குள் தபால்தலை போய்ச் சேர வேண்டும். லண்டன் அச்சகங்கள் பேய் பிடித்த மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. ஹொரேஸ் வேலை பார்த்த இடமும் அப்படித்தான். அறுபது தபால்தலைகள் செதுக்கிய எஃகுத் தகட்டில், மங்கிய கோடுகளைப் பூதக்கண்ணாடி வைத்து ஆழப்படுத்துவது அவர் வேலை. முப்பத்தோரு வருஷமாக.

நான்காம் வரிசையில், ஒரு தபால்தலைப் படத்திலிருந்த கோட்டையின் கோபுரத்துக்கு மேல், வெறும் வானத்தில் மயிரிழைக் கோடு ஒன்று விழுந்தது. அவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். உளி வழுக்கினால் பட்டறைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுத் தகட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். சரிசெய்ய இரண்டு நாள் ஆகும். அங்கே அந்த விதி வேதம். ஹொரேஸ் தூளை ஊதினார், தகட்டை அச்சுக்கு அனுப்பினார், தேநீர் குடிக்கப் போனார். சோம்பல் என்று சொல்ல முடியாது. பிப்ரவரியில் மனைவி மேபலைப் புதைத்ததிலிருந்து அவருக்கு உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி, கடித்தாலும் தெரியவில்லை.

மே கடைசியில் யாரோ ஒரு தபால்தலை சேகரிப்பாளர் அந்த மயிரிழைக் கோட்டைக் கண்டுபிடித்துக் கடிதம் போட்டார். இவர்களுக்கெல்லாம் வேறு வேலை கிடையாது. அந்தத் தபால்தலைகளை வாங்கிய காலனித் தீவின் தபால் துறை விளக்கம் கேட்டது. மேலாளர் லோவெல், அச்சாகி வந்த தாள்களைச் சரிபார்த்த எனிட் ஸ்டப்ஸைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொன்னார். எனிட்டுக்கு இருபத்தாறு வயது. வீட்டில் அம்மா படுத்த படுக்கை. சம்பாதிக்க வேறு ஆள் இல்லை.

விஷயம் காதில் விழுந்ததும் ஹொரேஸ் லோவெலின் அறைக்குப் போனார்.

"அந்தக் கோடு என்னோடது. உளி வழுக்கிடுச்சு."

லோவெல் எழுந்து கதவைச் சாத்தினார். "எனக்குத் தெரியாதா ஹொரேஸ்? பொண்டாட்டியப் பறிகொடுத்த மனுஷன், கை தடுமாறத்தான் செய்யும். உங்கள யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஒரு வாரம் கடலோரமாப் போய்ட்டு வாங்களேன்."

"அப்ப அந்தப் பொண்ணு?"

"பார்க்கறதுக்குத்தானே அவளுக்குச் சம்பளம்? தீவுக்குப் பதில் எழுதணும்னா யாரையாவது காட்டணும்ல."

எய்தவன் இருக்க அம்பை நோகிற நியாயம். கோபப்பட வேண்டிய இடம் என்று ஹொரேஸுக்குப் புரிந்தது. கோபம் வரவில்லை. தலையாட்டிவிட்டு வெளியே வந்தார்.

மாடிப்படியில் எனிட் காத்திருந்தாள்.

"எனக்காகப் பேசப் போனீங்களாமே, மிஸ்டர் பிங்கம். ரொம்ப நன்றி."

"பேசினேன். பிரயோஜனமில்ல."

"விடுங்க. ஒரு நாளைக்கு எழுநூறு தாள். மத்தியானத்துக்கு மேல கோட்டை எது, கோழிக்கூண்டு எதுன்னே தெரியாது. கண்ணாடி வெச்சுப் பார்த்த உங்களுக்கே தெரியல, எனக்கெங்க தெரியப்போகுது? அத நெனச்சுத்தான் மனசத் தேத்திக்கிட்டேன்."

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். ஆனால் உண்மையை மூடிவைக்கவும் ஒரு தெம்பு வேண்டுமே.

"எனக்குத் தெரிஞ்சுது."

"எப்ப?"

"வழுக்கின உடனே."

"தெரிஞ்சும் அனுப்பினீங்களா?"

"ஆமா."

"ஏன்?"

ஹொரேஸ் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "திருத்தணும்னு தோணல."

எனிட் திட்டவில்லை. கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"எங்கம்மா கேட்டா அதையே சொல்றேன். அவருக்குத் திருத்தணும்னு தோணலியாம், அம்மா, அதான் எனக்கு வேலை போச்சுன்னு."

பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனாள். கீழே தெருக்கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை ஹொரேஸ் அங்கேயே நின்றார். இப்போதாவது வெட்கமோ அழுகையோ ஏதாவது ஒன்று வரும் என்று காத்திருந்தார். எதுவும் வரவில்லை. மேபல் போன பிறகு முதல் தடவையாக, அவருக்குத் தன்னை நினைத்துப் பயமாக இருந்தது.