மூடியிருக்கணும்

துபாஷி என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தது அவளுடைய தம்பி. வீட்டில் யார் யாரோடு பேசாமல் இருந்தாலும், இங்கே சொன்னதை அங்கேயும் அங்கே சொன்னதை இங்கேயும் எடுத்துச் சொல்லி ஒட்டவைப்பது சின்ன வயதிலிருந்தே அவள் வேலையாக இருந்தது. பின்னால் அதுவே பிழைப்பாகவும் ஆகிவிட்டது. கோர்ட், ஆஸ்பத்திரி, தொழிலாளர் விசாரணை என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவாள். தமிழில் சொன்னதை இங்கிலீஷில் சொல்வாள். இங்கிலீஷில் கேட்டதைத் தமிழில் கேட்பாள். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, கட்சிக்காரர் யாரோடும் தனியாகப் பேசக் கூடாது. அவ்வளவுதான் தொழில் தர்மம்.

அன்றைய விசாரணை ஒரு குளிர்பதனக் கிடங்கில் நடந்த விபத்தைப் பற்றியது. குழாயில் அமோனியா கசிந்து, மெஷின் ஆபரேட்டரின் நுரையீரல் வெந்துபோயிருந்தது. தொண்டையில் குழாயோடு படுத்துக் கிடக்கும் அவரால் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாது. சாப்பிடப் போகும்போது வால்வை மூடாமல் போனார், எல்லாம் அவர் செய்த வினை என்று கம்பெனி சொன்னது. அது நிரூபணமானால் வேலை போவதோடு நிற்காது. கிரிமினல் வழக்கும் பாயும்.

சாட்சி சொல்ல வந்தவர் அதே கிடங்கில் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். ஆபரேட்டரோடு பல வருஷம் தோளோடு தோள் நின்றவர். ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு ஒரு பீடி பற்றவைத்து முடித்த பிறகுதான் மீதியைச் சொல்வார் என்பதால், கிடங்கில் அவரை 'நிதானம்' என்று கூப்பிடுவார்கள். பின் பெஞ்சில் ஆபரேட்டரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. யார் வாய் அசைந்தாலும் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசாரணை அதிகாரி ஒரு அம்மாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நேராகக் கேட்டார். துபாஷி அதைத் தமிழில் கேட்டாள்: "போறதுக்கு முன்னாடி அவர் வால்வை மூடினாரா?"

நிதானம் மேஜையைப் பார்த்தார். பிறகு விட்டத்தைப் பார்த்தார். "அவர் மூடியிருக்கணும்..." என்றார்.

அங்கேயே நின்றுவிட்டார்.

அதிகாரி பேனாவால் மேஜையைத் தட்டினார். தட்டச்சுக்காரியின் விரல்கள் அந்தரத்தில் நின்றன. காலையிலிருந்தே இந்த மனிதரின் மௌனங்களை எண்ணிக்கொண்டிருந்த கம்பெனி வக்கீல் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். தமிழில் 'என்று' கடைசியில் வரும். எல்லாம் சொல்லி முடித்த பிறகு கதவைச் சாத்துகிற மாதிரி. இங்கிலீஷில் 'தட்' முதலிலேயே வந்து கதவைத் திறந்து வைத்துவிடும். திறந்த பிறகு யாரும் வாசலில் நிற்க முடியாது, உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். துபாஷி உள்ளே போய்விட்டாள். "ஹீ ஸேஸ் தட் த ஆபரேட்டர் ஷுட் ஹேவ் க்ளோஸ்டு இட்."

தட்டச்சு படபடவென்று ஓடியது. வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்த முகம் அவருக்கு. உடனே ஒரு கேள்வியைப் போட்டார். அதை அவள் தமிழில் சொன்னாள்: "அப்போ, செய்ய வேண்டியதை அவர் செய்யலைன்னு நீங்க ஒத்துக்கறீங்களா?"

நிதானத்தின் முகம் வெளுத்தது. "யார் சொன்னா அப்படி? நான் சொன்னேனா?"

"அண்ணே!" பின் பெஞ்சிலிருந்து குரல் கிழிந்து வந்தது. "நீங்களுமா அண்ணே?"

"ஐயோ தங்கச்சி, நான் என்ன சொன்னேன்னே எனக்குத் தெரியலையே!"

சாட்சி பல்டி அடிக்கிறார் என்று வக்கீல் எழுந்தார். அதிகாரி மேஜையில் அறைந்தார். கொஞ்ச நேரம் இடைவேளை என்று எல்லாரையும் வெளியே அனுப்பினார்.

தாழ்வாரத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த துபாஷிக்கும் வக்கீல் நினைத்ததே தோன்றியது. பாவம், பயந்துபோய் மாற்றிச் சொல்கிறார் மனுஷன். அப்போது அவள் கையை ஒரு ஈரக் கை பிடித்தது. ஆபரேட்டரின் மனைவி.

"நீங்கதான் எங்க பாஷை தெரிஞ்சவங்க. ஏதாவது பண்ணுங்கம்மா."

"என்கிட்ட நீங்க பேசக் கூடாதும்மா. தயவுசெஞ்சு போயிடுங்க."

"போறேன், போறேன். காலையில பெரிய டாக்டர் வர்றேன்னாங்க. இந்நேரம் எங்க வீட்டுக்காரரைப் பாத்திருக்கணும். ஏதாவது நல்லது சொல்லியிருக்கணும். ஆஸ்பத்திரியிலயாவது போய் உட்காந்துக்கறேன்."

யார் எது பேசினாலும் துபாஷியின் மனதுக்குள் இங்கிலீஷ் ஓடும். அது பழக்கதோஷம். இப்போதும் ஓடியது. 'ஷீ ஸேஸ் தட் த டாக்டர் மஸ்ட் ஹேவ் ஸீன் ஹிம்.'

மஸ்ட்.

டம்ளர் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை. பார்த்திருக்கணும் என்றால் பார்த்திருப்பார், நிச்சயம் பார்த்திருப்பார் என்ற நம்பிக்கை. மூடியிருக்கணும் என்றால்? மூடியிருப்பார் என்பதும் அதுதான். மூடாமல் விட்டாரே என்பதும் அதுதான். தமிழில் ஒரே சொல். இங்கிலீஷில் 'மஸ்ட்' மனிதனைக் காப்பாற்றும், 'ஷுட்' தூக்கில் போடும். அவர் எதைச் சொல்ல வந்தார் என்பது அடுத்த வாக்கியத்தில் இருந்தது. அந்த வாக்கியத்தை அவள் வரவே விடவில்லை.

சட்டென்று குழாயை மூடினாள். நிமிர்ந்தவள், தாழ்வாரத்தின் கோடியில் வக்கீல் நிற்பதைக் கண்டாள். பிடித்திருந்த கையையும் பிடித்தவளின் முகத்தையும் நிதானமாகப் பார்த்துவிட்டு அவர் உள்ளே போனார்.

இப்போது எழுந்து திருத்தினால், அழுதவளுக்காகச் சாட்சியத்தையே மாற்றுகிறாள் என்பார்கள். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான். அவள் கால்கள் நடந்தன. மனசு பின்னால் இழுத்தது.

விசாரணை மறுபடி தொடங்கியதும் கையை உயர்த்தினாள். "என் மொழிபெயர்ப்பில் ஒரு பிழை. திருத்த அனுமதி வேண்டும்."

வக்கீல் அதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். "வெளியே ஆபரேட்டரின் மனைவி இவரோடு பேசியதை நான் பார்த்தேன். உள்ளே வந்ததும் பிழை முளைத்துவிட்டது!"

அதிகாரி அவளையே உற்றுப் பார்த்தார். "பேசினாரா?"

"பேசினார்."

"என்ன பேசினார்?"

அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. டாக்டர் விஷயத்தையும் சொன்னாள். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகுதான் தன் பிழை புரிந்தது என்பதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது போலத்தான் இருந்தது.

"இரண்டுக்கும் ஒரே சொல்லா?" அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை.

"ஒரே சொல்தான். அவர் முடிக்கும்வரை நான் காத்திருக்கவில்லை."

அதிகாரி அவளை அதற்கு மேல் பேசவிடவில்லை. தொலைபேசியில் வேறொரு மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்கச் சொன்னார். கரகரப்பான ஒரு ஆண்குரல் ஒலிபெருக்கியில் வந்தது. ஒலிப்பதிவை அவருக்குப் போட்டுக் காட்டினார்கள். *அவர் மூடியிருக்கணும்...* பிறகு பேனா தட்டும் சத்தம், கொட்டாவி, அதன் மேலேயே ஏறி ஓடிய அவளுடைய இங்கிலீஷ். தன் குரலில் இருந்த அவசரத்தை இப்போதுதான் அவள் கேட்டாள்.

தொலைபேசிக்காரர் இருமினார். பிறகு சொன்னார்: "இரண்டு விதமாகவும் எடுக்கலாம். இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அவரையே கேளுங்கள்."

அதிகாரி சொல்ல, தொலைபேசிக்காரரே தமிழில் கேட்டார். "அண்ணே, ஒலிபெருக்கியில பேசறேன், கேக்குதா? அவர் வால்வை மூடினாருன்னு நினைக்கறீங்களா, மூடலைன்னு நினைக்கறீங்களா?"

நிதானம் வழக்கம்போல விட்டத்தைப் பார்த்தார். இந்தத் தடவை யாரும் எதையும் தட்டவில்லை.

"மூடினதை நான் கண்ணால பாக்கல. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அதை மூடாம அவர் அந்த இடத்தை விட்டு ஒரு நாளும் நகர்ந்ததில்ல. அவசரமா ஒண்ணுக்குப் போகணும்னாக்கூட மூடிட்டுத்தான் போவார். அன்னிக்கும் மூடியிருப்பார். அதைத்தான் சொல்ல வந்தேன். அதுக்குள்ள இங்கிலீஷ் பஸ் பிடிச்சு ஓடிடுச்சு."

தட்டச்சுக்காரி சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டாள். வக்கீல் விடவில்லை: இது வெறும் நம்பிக்கை, அத்தாட்சி இல்லை. "உண்மைதான்," என்றார் அதிகாரி. "ஆகவே யார் நம்பிக்கையும் நமக்கு வேண்டாம். வால்வைக் கழற்றிக் கொண்டுவாருங்கள்."

கழற்றிப் பார்த்தார்கள். கைப்பிடி கடைசிவரை திருகி இறுக்கப்பட்டிருந்தது. உள்ளே இருந்த தகட்டைத் துரு தின்று ஓட்டை போட்டிருந்தது. மாற்றச் சொல்லி ஆபரேட்டர் பலமுறை வாய்விட்டுக் கேட்டதற்கு, கிடங்கில் மற்றவர்களும் பிறகு ஒவ்வொருவராக வந்து சாட்சி சொன்னார்கள்.

இதெல்லாம் நடந்தபோது துபாஷி அங்கே இல்லை. அவளை அன்றே அந்த விசாரணையிலிருந்து விலக்கிவிட்டார்கள். தாழ்வாரத்தில் பேசியதற்காக வக்கீல் புகார் கொடுத்தார். கண்டிப்போடு விட்டார்களே தவிர, தொழிலாளர் விசாரணைகளுக்கு வெகுநாள் அவளைக் கூப்பிடவில்லை. தம்பிக்குக் கொண்டாட்டம். "ஊர்ல எல்லாரும் பேசினா சும்மா விட்டுடறாங்க. நீ பேசறதுக்குக் கூலி வாங்கறவ, பேசினதுக்கு உதையும் வாங்கிட்டே!"

ஒருநாள் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனபோது, மருந்துக் கடை வரிசையில் ஆபரேட்டரும் மனைவியும் நின்றிருந்தார்கள். மனிதர் பாதியாக இளைத்திருந்தார். குரல் காற்றாகத்தான் வந்தது. ஆனால் நின்றுகொண்டிருந்தார். மனைவி ஓடிவந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நான் கேட்டதுக்காக அத்தனை பேர் முன்னாடி எழுந்து நின்னீங்களே!"

"ஐயோ, நீங்க கேட்டதுக்காக இல்லம்மா. முதல்ல தப்பா சொன்னதே நான்தான். அதைத்தான்..."

"தெரியும், தெரியும்." அவள் குரலைத் தாழ்த்தி, சுற்றுமுற்றும் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "உங்க வேலைக்கு ஆபத்துன்னு சொன்னாங்க. நான் செத்தாலும் வெளியில சொல்ல மாட்டேன்."

துபாஷி வாயைத் திறந்தாள். அதற்குள் மருந்துக் கடைக்காரர் டோக்கன் எண்ணைக் கூவினார். ஆபரேட்டர் அவளைப் பார்த்துக் கைகூப்பினார். மனைவி அவரை மெல்ல நகர்த்திக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள்.